காய்ந்த படிக்கம்

கறுப்பு பீரை ஃப்ரிட்ஜில் வைத்து, பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்துக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். குளிர்ந்தால் அதன் வாசனை உள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். மதுரை வெயிலில் ஒரு மணிநேரம் மேஜைமேல் சும்மா வைத்திருந்தால் போதும், தானாக எழுந்து வந்து பேசும்.

கண்ணுச்சாமி அண்ணே, போன வியாழக்கிழமை நீங்கள் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி, திருப்பரங்குன்றத்தில் என் வீட்டை விசாரித்து வந்தீர்கள். உங்கள் மகன் சித்தார்த்தின் முப்பதாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நான் கொடுத்த காபியை நீங்கள் தொடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"பதினோரு வருசமா தொடாத அந்தக் கிரிக்கு எவன் சார் ஊத்திக் குடுத்தது? மொதல்ல ஊத்துன கை எதுன்னு தெரிஞ்சாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

தெரியவில்லை என்று சொன்னேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அவரு ஒங்களைத்தான அப்பா அப்பான்னு கூப்பிடுவாரு, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க சார்" என்றீர்கள். விசாரிக்க அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. இது அதற்கான பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயது ரிட்டயர்ட் ஆளிடம் யாராவது மெனக்கெட்டு ஒரு கேள்வி கேட்டால், அவனுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல வராது.

முதலில் என்னைப் பற்றி. பெயர் ஜனகராஜ். ஒரு டீத்தூள் கம்பெனியில் முப்பத்துநான்கு வருஷம் டேஸ்டராக இருந்தேன். காலையில் வரிசையாக முந்நூறு கிண்ணம் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, உர்ரென்று உறிஞ்சி, வாயில் ஒரு சுற்று சுற்றி, படிக்கத்தில் துப்பவேண்டும். விழுங்கக் கூடாது. விழுங்குகிறவன் பத்தாவது கிண்ணத்தில் ருசி தவறிவிடுவான். நான் துப்பிய டீயையெல்லாம் வைகையில் விட்டிருந்தால் மதுரைக்கு இரண்டு போகம் விளைந்திருக்கும். நான் உறிஞ்சும் சத்தத்துக்கு, தெருக்கோடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து நின்று யார் அங்கே என்று கேட்கும். என் நாக்கை இன்ஷூர் செய்துவிடலாமா என்று மேனேஜர் ஒருமுறை கேட்டார். கேட்டார் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வது.

ரிட்டயர் ஆனபோது கம்பெனியில் ஒரு சால்வையும், நான் துப்பிய பித்தளைப் படிக்கத்தையும், அதற்கு ஜோடியாகப் புதிதாக இன்னொன்றையும் கொடுத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் காவ்யஸ்ரீ, பெல்ஜியத்தில் இருக்கிறாள். இளையவன் ஹரிஷ்குமார், இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் சிநேகிதன் கிரிதரன் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து அழகர்கோயில் ரோட்டில் வந்துகொண்டிருந்தான். கிரி குடித்திருந்தான். வண்டி ஒரு புளியமரத்தில் போய் நின்றது. கிரிக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஹரிஷுக்கு இருபத்தாறு வயது.

கிரி எங்கள் ஆட்களில் ஒருவன்தான். எங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷைதான் அவன் வீட்டிலும். அதுவரைக்கும் என்னை சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், கேஸெல்லாம் முடிந்து தண்டனையும் அனுபவித்துவிட்டு வந்த நாளில் என் காலில் விழுந்து, அப்பா என்றான். அன்றிலிருந்து அப்பாதான். ஒரு கருப்பசாமி கோயிலில் குடிக்கு எதிராகக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டான். எத்தனை வருஷத்துக்கு என்று பூசாரி கேட்பார். சில பேர் ஆறு மாசம் என்பார்கள், தைரியமுள்ளவர்கள் மூன்று வருஷம் என்பார்கள். இவன் ஆயுசுக்கும் என்றான். சொன்னபடியே இருந்தான். கீழவாசல் பக்கம் காபித்தூள் கடை வைத்தான். தேவிகா என்ற நல்ல பெண்ணைக் கட்டினான். என் சம்சாரம் நாகமணிக்கு மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்கி வந்து கொடுப்பான். ஹரிஷின் திதியன்று எனக்கு முன்னால் வந்து நிற்பான்.

இதெல்லாம்கூட ஒருவிதத்தில் தாங்கிக்கொள்ளலாம். அவன் பேச ஆரம்பித்தான், அதுதான் ஆகவில்லை. குடியை விட்டவர்கள் ஞாயிறு சாயங்காலம் அவனியாபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் கூடுவார்கள் இல்லையா, உங்கள் மகனும் போனானே, அங்கேதான். கிரி எழுந்து நின்று, "என் பிரண்டு ஹரிஷ் செத்துத்தான் என்னைப் பொழைக்க வச்சான்" என்று ஆரம்பிப்பான். ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கை தட்டுவார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "ஒங்க மகன் சாவு வீண்போகலை சார், அம்புட்டுப் பேரைத் திருத்தியிருக்கு" என்பார்கள். கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.

என் பையன் கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே அவுட் ஆகிறவன். பிரியாணியில் எலும்பை மட்டும் எடுத்துத் தட்டுக்கு ஓரமாகக் கோபுரம் கட்டுகிறவன். அவனைப் பாடப்புத்தகத்தில் ஒரு பாடமாக்கி, கடைசியில் நீதி என்று போட்டுவிட்டார்கள். அதை எழுதினவன், அவனைக் கொன்றவன்.

அந்த நீதியைக் கிழிக்கவேண்டும் என்று முடிவுசெய்தேன். கோபமாகச் செய்யவில்லை. டீ வாங்குவதற்கு முன் எப்படி நிதானமாக இருப்பேனோ, அப்படித்தான்.

காவ்யா ஊருக்கு வரும்போதெல்லாம் நான்கு பாட்டில் கொண்டுவருவாள். இம்பீரியல் ஸ்டவுட் என்று பெயர். ஒரு காலத்தில் ரஷ்ய அரண்மனைக்காக இங்கிலீஷ்காரர்கள் காய்ச்சினது என்பார்கள். அதை, விஸ்கி இருந்து காலியான மரப்பீப்பாயில் ஊற்றி ஒன்றரை வருஷம் மூடிவைத்துவிடுகிறார்கள். மரம் குடித்த விஸ்கியை இது திருப்பிக் குடித்துக்கொள்ளும். பதிமூன்று சதவீதம். நம்மூர்க் கடை பீர் இதை வழியில் பார்த்தால் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கும். வருகிற பாட்டில்களை நான் குடிக்காமல் பீரோவுக்குப் பின்னால் அடுக்கிவைத்தேன். மூன்று வருஷத்தில் பன்னிரண்டு சேர்ந்தது. வைக்க வைக்க நன்றாகும் சரக்கு அது.

போன ஆடி மாதம் கிரியின் கடையில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "வெளிநாட்டுல காபிக்கொட்டையையே பீப்பாயில ஊறவச்சு வறுக்குறாங்களாம்டா. பெங்களூர்க்காரன் வரிசையில நின்னு வாங்குறானாம். ஒனக்கு இருக்குற மூக்குக்கு நீ செய்யலாம். ஆனா பீப்பா வாசனைன்னா என்னன்னு மொதல்ல தெரியணும்ல."

அவன் கண் விரிந்தது. தொழிலில் உழைப்பாளி, அண்ணே. அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டு மேஜையில் எல்லாம் தயார். ஜன்னலுக்கு வெளியே மலை. மேஜைமேல் ஒரு பாட்டில், அகல வாயுள்ள இரண்டு கண்ணாடி டம்ளர், ஆளுக்கொரு படிக்கம். பழைய படிக்கம் எனக்கு, புதிய படிக்கம் அவனுக்கு. நாகமணி வெண்பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னடா கிரி, நீயும் டீக் கம்பெனியில சேந்துட்டியா? இவருக்கு வாரிசு இல்லாம இருந்துச்சு" என்று சிரித்தாள். எங்கள் பாஷையில் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

நான் பாட்டிலைச் சாய்த்ததும் கிரி தன் டம்ளரின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். அவன் பழக்கமே அதுதான். வேண்டாம் என்பதை முதலில் வாயால் சொல்லமாட்டான், கையால் மூடுவான்.

"அப்பா, இது எனக்கு வேணாம்ப்பா."

"குடிக்க எவன்டா சொன்னான்? துப்பத்தான சொல்றேன். ஏகாதசிக்கு வெரதம் இருக்கேல்ல, அன்னைக்கு வாய் கொப்பளிப்பியா மாட்டியா?"

"கொப்பளிப்பேன்."

"தண்ணி உள்ள போகுமா?"

"போகாது."

"வெரதம் கெட்டுப்போச்சா?"

மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நீங்க வக்கீலுக்குப் போயிருக்கணும்ப்பா" என்று சிரித்தான். கையை எடுத்தான். அவனாகவே எடுத்தான். நான் அந்தக் கையைத் தொடக்கூட இல்லை. இதை நீங்கள் மறக்கக்கூடாது.

பீர் டம்ளரில் விளக்கெண்ணெய்போல இறங்கியது. நுரை கருப்பட்டி நிறம். சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் ஊடே ஒன்றும் தெரியாது. முதலில் மூக்கில் வருவது அவன் கடை வாசனைதான், வறுபட்ட காபிக்கொட்டை. அப்புறம் பருத்திப்பால் வண்டியில் அடிப்பிடித்த பாகின் வாசனை. வாயில் வைத்தால் பேரீச்சை, கொஞ்சம் வெனிலா, கரிந்த மரம், நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஒரு கசப்பு. கிரி உறிஞ்சினான், சுற்றினான், கண்ணை மூடினான், துப்பினான். நோட்டில் "அடுப்புக்கரி, முந்திரிப்பழம்" என்று எழுதினான். முந்திரிப்பழம் எனக்குத் தோன்றவில்லை. மறுபடி ருசி பார்த்தேன், இருந்தது. உண்மையிலேயே நல்ல நாக்கு. இருபது வருஷம் முன்னால் கிடைத்திருந்தால் என் நாற்காலியில் உட்காரவைத்திருப்பேன்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டில். டம்ளருக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றுவேன். அவன் போனபிறகு அவன் படிக்கத்தை அளப்பேன். முதல் இரண்டு வாரம் ஊற்றியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, எச்சிலும் சேர்ந்து. மூன்றாம் வாரம் சரிக்குச் சரி. அளக்கும்போது நாகமணி பார்த்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க? எச்சிலை யாராச்சும் அளப்பாங்களா?"

"பழக்கதோஷம்" என்றேன். அவள் படிக்கத்தை வாங்கிக்கொண்டுபோய்ப் புளிபோட்டுத் தேய்த்தாள்.

நான்காம் வாரம் அவனுக்கு ஒரு உண்மையைச் சொன்னேன். முப்பத்துநான்கு வருஷ அனுபவத்தின் சாரம் அது. "டீ நாக்கோட முடிஞ்சிரும் கிரி. இது அப்படியில்ல. இதோட கடைசி ருசி தொண்டைக்குக் கீழதான் இருக்கு. நெஞ்சுக்கு நடுவுல, யாரோ உள்ளங்கைய வச்ச மாதிரி ஒரு சூடு வரும். பீர் டேஸ்ட் பண்றவன் எல்லாம் முழுங்கித்தான் பாப்பான். அது நமக்கு வேணாம். நாம துப்புறவங்க."

அவன் தலையாட்டினான். அன்று அவன் படிக்கத்தில் பாதிதான் இருந்தது.

ஐந்தாம் வாரம் அடியில் ஒரு வட்டம். ஆறாம் வாரம் உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பித்தளை பளபளவென்று, என் முகம் தெரிந்தது. நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்றால், அன்று மலையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன், முழங்கால் வலியே இல்லை. மணிக்கட்டில் கயிறும் இல்லாததைக் கவனித்திருந்தேன். கேட்டதற்கு, "சோப்புப் பட்டு இத்துப்போச்சுப்பா" என்றான். தலை குனிந்துதான் சொன்னான்.

அடுத்த புதன்கிழமை பகலிலேயே வந்தான். கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்திருந்தான். "அப்பா, ரெண்டாவது வாரத்துக் குறிப்பை நான் சரியா எழுதலை. இன்னொருக்கா பாத்துருவமா?"

பீரோவுக்குப் பின்னால் இன்னும் ஆறு பாட்டில் இருந்தது. "முடிஞ்சுபோச்சே கிரி. காவ்யா வந்தாத்தான்" என்றேன்.

அவன் சரி என்றான். வாசலில் சற்று நேரம் நின்றான். பிறகு போனான். எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று மாடியிலிருந்து பார்த்தேன். டாஸ்மாக் கடை எங்கே இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான். அவன் ஒரு ஞாயிறு வராந்தாவில் எழுந்து நிற்கவேண்டும், வாய் நாறவேண்டும், என் மகன் பெயரைச் சொல்லமுடியாமல் அவன் நாக்குக் குழறவேண்டும். கை தட்டினவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கவேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து போனேன். அவன்தான் வரவில்லை. உங்கள் மகன் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். "உக்காருங்கய்யா, அண்ணே வந்துருவாரு" என்று டீ கொடுத்தான். பால் சரியாக இருந்தது, ஏலக்காய்தான் கொஞ்சம் தூக்கல். லேத் பட்டறையில் வேலை என்றும், நான்கு மாதமாகத் தொடவில்லை என்றும் சொன்னான். எல்லாம் கிரி அண்ணனால்தான் என்றான். நல்ல பையன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன், கிரி என்னிடம் சொன்னது. மத்தியானம் பட்டறை வாசலுக்கு அவன் பைக்கில் வந்திருக்கிறான். நிலையில் இல்லை. சித்தார்த் சாவியைக் கேட்டிருக்கிறான், "நான் ஓட்டுறேண்ணே, நீங்க பின்னாடி உக்காருங்க" என்று. கிரி தரவில்லை. தனியாக விடக்கூடாதென்று உங்கள் மகன் பின்னால் ஏறிக்கொண்டான். ரிங் ரோட்டில் லாரி நின்றுகொண்டிருந்தது. கிரிக்கு இந்த முறையும் சிராய்ப்புத்தான்.

நான் நினைத்துவைத்ததில் சித்தார்த் இல்லை, அண்ணே. எவ்வளவு கவனமாக பிளெண்ட் செய்தாலும் வேண்டாத இலை ஒன்று உள்ளே விழுந்துவிடும். அதற்காக மொத்த மூட்டையையும் யாரும் கொட்டிவிடுவதில்லை.

கிரியை ஜெயிலில் போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கப்பா. நீங்க துப்பத்தான் சொன்னீங்க, நான்தான் முழுங்குனேன். ஒங்க வீட்டுல பாட்டில் இருந்துச்சுன்னு போலீசுல சொல்லலை, தேவிகாட்டயும் சொல்லலை. அப்பவும் சொல்லலை, இப்பவும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து இதை நாகமணியிடம் சொன்னேன். எப்போதும்போல ரசித்து, கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பவும்னா எப்ப?" என்றாள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இரண்டு படிக்கத்தையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள்.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள்தானே மெனக்கெட்டுக் கேட்டீர்கள், முதலில் ஊற்றின கை எது என்று.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு, நான் ரிட்டயர் ஆனதற்கு விருந்து. அழகர்கோயில் ரோட்டில் ஒரு மாந்தோப்பு, மட்டன் பிரியாணி, கம்பெனி ஆட்கள் கொண்டுவந்த விஸ்கி. எல்லாருக்கும் நான்தான் ஊற்றினேன். என் விருந்து, நான் ஊற்றாமல் யார் ஊற்றுவது. கிரி ஒரு ரவுண்டோடு நிறுத்திக்கொண்டான். நான் பாட்டிலோடு போனபோது டம்ளர்மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். "வேணாம் சித்தப்பா. வண்டி ஓட்டணும், பின்னாடி ஹரிஷ் வாரான்" என்றான். ஹரிஷும், "விடுங்கப்பா அவனை" என்றான். வாய் நிறையப் பிரியாணி.

நான் இரண்டு விரலால் அந்தக் கையைப் பிடித்து, சட்டிமேல் மூடியிருக்கிற தட்டை எடுக்கிறமாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஊற்றினேன். ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. எல்லாரும் சிரித்தார்கள். நல்ல வெயில். நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

இதை அவன் கோர்ட்டில் சொல்லவில்லை. வராந்தாவிலும் ஒரு ஞாயிறுகூடச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பான்.

உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் பல நாள் உட்கார்ந்து யோசித்துத்தான் சொல்கிறேன், அண்ணே. ஊற்றுகிறவன் ஊற்றத்தான் செய்வான். டம்ளர்மேல் வைத்த கையை அவன் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்திருந்தால், என் பையனும் இருந்திருப்பான், உங்கள் பையனும் இருந்திருப்பான். அவ்வளவு லேசாகவா வைப்பது.